எலி, தெள்ளு, மனிதன்: உயிரியல் உறவுகளை எழுதி வைப்பது எப்படி?

1898 ஆகஸ்ட் மாதம் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலேறி வந்தது என்று அன்றைய அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். நகரத்தை அடுத்திருந்த கன்டோன்மென்ட்டையும் அது விடவில்லை. இன்று சிவாஜிநகர் என்று அழைக்கப்படும் பகுதியை அன்று ஆங்கிலேயர் பிளாக்பள்ளி என்று எழுதினார்கள். மதராஸ் படையைத் தொடர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், தக்காணி பேசும் முஸ்லிம்கள், சிறு வியாபாரிகள், கூலித் தொழிலாளர்கள் என்று பலரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த இடம் அது. அந்நாளில் இந்தியா முழுவதும் பிளேக்கை எதிர்கொண்ட முறைகளே இங்கும் வந்தன. ரயில் நிலையங்களில் பயணிகளைச் சோதித்தார்கள். நோய் கண்ட வீட்டாரை முகாமுக்கு அனுப்பினார்கள். வீடுகளுக்கு மருந்தடித்தார்கள், துணிமணிகளைக் கொளுத்தினார்கள். அசுத்தம், கெட்ட காற்று, நோயாளியின் உடைமை, நோயாளியின் உடல் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் இருந்தது. எது எதனோடு எப்படித் தொடர்புகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெளிவில்லை.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 2ஆம் தேதி, கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். தெள்ளுப்பூச்சி மொய்த்த, பிளேக் கண்ட எலி ஒன்றைக் கண்ணாடிச் சாடிக்குள் வைத்தார். அதைத் தொடமுடியாத உயரத்தில், சிறு கம்பிக்கூண்டுக்குள் நல்ல எலி ஒன்றைத் தொங்கவிட்டார். நோய் எலி செத்தது. தெள்ளு செத்த உடம்பை விட்டு அடுத்த உடம்பைத் தேடியது. சில நாட்களில் கூண்டு எலியும் பிளேக்கில் செத்தது. எலிக்கும் எலிக்கும் நடுவே தொடுதல் இல்லை, தெள்ளு மட்டுமே இருந்தது.

கிருமி அப்போது புதிதல்ல. 1894இலேயே ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் அதைப் பிரித்துக் காட்டிவிட்டார். பிளேக்குக்கு முன்னால் எலிகள் கூட்டமாகச் சாவதை ஊரே பார்த்தது. தெள்ளுக்கடி வாங்காத ஆள் கிடையாது. கிருமி, எலி, தெள்ளு, மனிதன் என்று பெயர்கள் அத்தனையும் கையில் இருந்தன. பெயர்களை இணைக்கும் கோடுதான் வரையப்படவில்லை. வரைந்து காட்டியவரை அன்றைய இந்திய பிளேக் ஆணையம் பொருட்படுத்தவும் இல்லை. 1905க்குப் பிறகு பம்பாயில் நடந்த விரிவான சோதனைகள்தான் தெள்ளின் பங்கை எல்லோரும் ஏற்கச் செய்தன. அந்த ஏற்பு பெங்களூரில் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறியது. பிளாக்பள்ளிக்கு வடக்கே, நெரிசலைக் குறைக்க எழுந்த ஃப்ரேசர் டவுனில் எலி புகமுடியாத வீடுகளைக் கட்டுவது ஒரு கொள்கையாகவே இருந்தது. ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் பெங்களூரின் பிளேக் தடுப்பு நகரமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். சந்தேகம் மனிதனிடமிருந்து எலிக்கு நகர்ந்ததும் வீட்டின் அடித்தளம் மாறியது.

இன்று உயிரியல் அறிவின் பெரும்பகுதியை நாம் கணினியிடம் ஒப்படைத்திருக்கிறோம். மருத்துவப் பதிவுகள், மரபணுத் தரவுகள், மருந்து ஆய்வுகள் எல்லாம் அதற்குள் போகின்றன. அவற்றைக் கணினி தேடவும் இணைக்கவும் முடிவுகளை வருவிக்கவும் உதவும் வகையில் கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் முறைப்படி எழுதிய தொகுப்புக்கு ஆன்டாலஜி என்று பெயர். அகராதி சொல்லின் பொருளைச் சொல்லும். ஆன்டாலஜி, அந்தப் பொருள் வேறு எதன் வகை, எதன் பகுதி, எதனால் உண்டாவது, எதைக் கட்டுப்படுத்துவது என்றும் சொல்லும். இத்துறையில் இருப்பவர்களின் உழைப்பில் பெரும்பங்கு பெயர்ப் பட்டியலுக்குப் போவதாக வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சண்டையும் தவறும் அதிகம் நடப்பது பெயர்களுக்கு இடையே உள்ள கோட்டில்தான். 1898இல் நடந்ததும் அதுவே.

பிளேக்கையே எடுத்துக்கொள்வோம். "பிளேக் தெள்ளுப்பூச்சியால் பரவும்" என்று ஒரு வாக்கியம். பள்ளிப் புத்தகத்துக்கு இது போதும், கணினிக்குப் போதாது. எல்லாப் பிளேக்குமா? நெறிகட்டும் புபோனிக் பிளேக்குக்கு இது பெரும்பாலும் பொருந்தும். நுரையீரல் பிளேக் இருமலின் நீர்த்துளி வழியாக ஆளிடமிருந்து ஆளுக்கே தாவும், தெள்ளு தேவையில்லை. 1910-11இல் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்றது அந்த வகை. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே அங்கே எலியைத் தேடிக்கொண்டிருக்காமல் முகக்கவசத்தைக் கட்டச் சொன்னதற்கு அதுதான் காரணம். சரி, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு "தெள்ளு பிளேக்கைப் பரப்பும்" என்றால்? எல்லாத் தெள்ளும் பரப்புவதில்லை. கிருமியுள்ள இரத்தத்தைக் குடித்த தெள்ளு, அதிலும் சில இனங்கள், சில நிலைமைகளில் பரப்பும். இங்கே சொல்லவேண்டியது "பரப்புகிறது" என்ற நிகழ்வை அல்ல, "பரப்பும் திறனுடையது" என்ற தன்மையை. இரண்டுக்கும் ஆன்டாலஜியில் தனித்தனி உறவுகள் வேண்டும்.

இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்கத் துறைக்கே சில ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1986இல் தொடங்கிய ஒருங்கிணைந்த மருத்துவ மொழித் திட்டத்தின் வலைப்பின்னலில் 54 வகை உறவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் விளக்க வாக்கியம் இருந்தது. அந்த உறவு ஒரு வகையின் எல்லா உறுப்பினருக்குமா, சிலருக்கா, எப்போதுமா, சில நேரம் மட்டுமா என்பது பெரும்பாலும் வாசகரின் ஊகத்துக்கு விடப்பட்டது. 1998இல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்று உயிரிகளின் தரவுத்தளங்கள் கைகோத்து ஜீன் ஆன்டாலஜியைத் தொடங்கின. 2000இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. தொடக்கத்தில் அதில் இரண்டே உறவுகள்: ஒன்று "இது அதன் வகை", இன்னொன்று "இது அதன் பகுதி". இரண்டாவதின் பொருள் "பகுதியாக இருக்கலாம்" என்பதாகவே அன்று கொள்ளப்பட்டது. "இருக்கலாம்" என்ற தளர்வு மனிதருக்கு வசதி, கணினிக்குப் பொறி. மேலே போகும் ஒவ்வொரு பாதையும் உண்மையாக இருக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் சொந்த விதி. கைட்டின் என்ற பொருளைப் பழ ஈ தன் உடலோட்டுக்காக உருவாக்குகிறது. ஈஸ்டோ செல்சுவருக்காக உருவாக்குகிறது. ஈயை மட்டும் மனத்தில் வைத்துக் கைட்டின் உருவாக்கத்தை உடலோட்டின் கீழே சேர்த்தால், அடுத்த நாள் ஈஸ்டின் மரபணு ஒன்றை அங்கே பதிந்ததும், ஈஸ்டுக்கு உடல் ஓடு முளைத்துவிடும். தீர்வாக, உடலோட்டுக் கைட்டினையும் செல்சுவர்க் கைட்டினையும் தனித்தனிக் கிளைகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

பேரி ஸ்மித் என்ற தத்துவவாதி இந்த இடத்தில் உள்ளே வருகிறார். உயிரியலாளர்கள் ஆய்வகத்தில் கண்டதை எழுதிக்கொண்டிருந்த துறைக்குள் ஒரு தத்துவவாதி நுழைந்து, "உங்கள் 'பகுதி' என்பதன் பொருள் என்ன?" என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலால் பலன் விளைந்தது. 2005இல் அவரும் கிறிஸ் மங்கல், ஆலன் ரெக்டர், கொர்னேலியஸ் ரோஸ் உள்ளிட்டவர்களும் சேர்ந்து, உயிர்மருத்துவ ஆன்டாலஜிகளின் உறவுகளைப் பற்றி எழுதிய கட்டுரை பத்து உறவுகளுக்கு இலக்கணம் வகுத்தது. வகை, பகுதி, இருப்பிடம், உள்ளடக்கம், அடுத்திருத்தல், உருமாற்றம், பிறப்பு, முன்நிகழ்வு, பங்கேற்பு, செய்பவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அவர்களின் அடிப்படை உத்தி எளிமையானது. முதலில் இரண்டு தனிப்பொருள்களுக்கு இடையே, இந்த இதயம் இந்த உடலின் பகுதி என்பதுபோல், நேரத்தோடு சேர்த்து உறவை வரையறு. பிறகு வகைகளுக்கு ஏற்று: அ வகையின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆ வகையில் ஏதேனும் ஓர் உறுப்பினரோடு அந்த உறவு இருந்தால் மட்டுமே "அ, ஆவின் பகுதி" என்று எழுது.

"ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒன்று" என்ற இந்த விதி கண்டிப்பானது. மனித விந்தகம் மனிதனின் பகுதி என்பது இவ்விதிப்படி சரி, ஏனென்றால் ஒவ்வொரு விந்தகமும் ஏதோ ஒரு மனிதனுடையது. அதைத் திருப்பி "மனிதனுக்கு விந்தகம் பகுதியாக உண்டு" என்றால் தவறு, மனிதர்களில் பாதிப்பேர் கையை உயர்த்திவிடுவார்கள். செல்லின் உட்கரு சைட்டோபிளாசத்துக்கு அடுத்திருக்கிறது, ஆனால் முதிர்ந்த சிவப்பணுவின் சைட்டோபிளாசத்துக்குப் பக்கத்தில் உட்கருவே கிடையாது. ஒரு கோட்டுக்கு இரு முனை உண்டு, எந்த முனையிலிருந்து வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து உண்மை மாறும் என்பதை இந்த உதாரணங்கள் நிலைநாட்டின. ஜீன் ஆன்டாலஜியும் தன் பகுதி உறவை இறுக்கியது. 2008 வாக்கில் "கட்டுப்படுத்துகிறது", "தூண்டுகிறது", "தடுக்கிறது" என்ற உறவுகளும் சேர்ந்தன. சர்க்கரைச் சிதைவைக் கட்டுப்படுத்தும் நிகழ்வு அந்தச் சிதைவின் ஒரு பகுதியா, வெளியிலிருந்து அதை இயக்குவதா என்ற பழைய குழப்பம் ஓரளவு ஒழிந்தது.

விதி கண்டிப்பாக இருந்தால் தவறு நிற்குமா? மருத்துவமனைக்குள் போய்ப் பார்க்கலாம்.

சிவாஜிநகரின் பவுரிங் அண்ட் லேடி கர்சன் மருத்துவமனை, மைசூரின் ஆணையராக இருந்த லூயின் பவுரிங்கின் பெயரோடு 1860களில் தொடங்கியது. கன்டோன்மென்ட் ஏழைகளுக்கு இன்றும் அதுதான் பெரிய அரசு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நோயாளி வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம், உண்மைப் பதிவேடு எதையும் சொல்லவில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர், பல வருடச் சர்க்கரை நோய், கால் மரத்துப்போனதால் விரலில் பட்ட காயம் தெரியவில்லை. காயம் புண்ணாகி, விரலை எடுக்கவேண்டி வருகிறது. இந்நிகழ்வைச் சர்வதேச மருத்துவச் சொற்றொகுதியான ஸ்நோமெட் சிடியில் பதிய வேண்டும்.

2002இல் அமெரிக்காவின் ஸ்நோமெட்டும் பிரிட்டனின் ரீட் குறியீடுகளும் இணைந்து உருவான இத்தொகுதியில் 3,50,000க்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. இந்தியா 2014இல் இதன் சர்வதேச அமைப்பில் உறுப்பினரானது. புனேயில் சி-டாக் நிறுவனத்தில் இதற்கான தேசிய வெளியீட்டு மையம் இயங்குகிறது. ஒவ்வொரு கருத்தும் உறவுகளால் வரையறுக்கப்படுகிறது: நோய் எந்த உறுப்பில், எந்த வகைச் சிதைவு, எந்தக் கிருமியால், வேறு எந்த நோயின் விளைவாக. இவ்வரையறைகளைக் கொண்டு கணினி தானே வகைப்படுத்தும். முதலில் கைவிரலைப் பார்ப்போம். விரல் கையின் பகுதி. ஆகவே விரலில் காயம் என்பது கையில் காயத்தின் ஒரு வகை. சரியான முடிவு. கைக்காயங்களை எல்லாம் எடு என்று மருத்துவர் கேட்டால் விரல் காயங்களும் வரவேண்டும். அதே தர்க்கத்தில், விரலை வெட்டி நீக்குவது கையை வெட்டி நீக்குவதன் ஒரு வகை! அபத்தமான முடிவு. பகுதி என்ற ஒரே கோடு, காயத்துக்கு மேலே ஏறலாம், நீக்கத்துக்கு ஏறக்கூடாது.

இது வெறும் வகுப்பறைப் புதிரல்ல. உறுப்பு அமைப்பு, முழு உறுப்பு, உறுப்பின் பகுதி என்று ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று முடிச்சுகள் போட்டு இதைச் சமாளிக்கும் முறையை 1990களின் இறுதியில் ஸ்டெஃபான் ஷுல்ட்ஸும் உடோ ஹானும் முன்வைத்தார்கள். ஸ்நோமெட்டும் அப்படி ஒரு அமைப்பை ஏற்றது. ஆனால் நடைமுறையில் நீக்கம் "முழு உறுப்பை" நோக்கவேண்டிய இடத்தில் "உறுப்பு அமைப்பை" நோக்கி எழுதப்பட்ட இடங்களில், விரல் நீக்கம் கை நீக்கத்தின் கீழே போய் உட்கார்ந்தது. இதை 2007இல் ஷுல்ட்ஸ், ஃபிரான்ஸ் பாடர், ஸ்நோமெட்டின் கென்ட் ஸ்பேக்மன், சுந்திஸ்ரிவராபோர்ன் ஆகியோர் சேர்ந்தெழுதிய கட்டுரை எடுத்துக்காட்டி, பகுதி உறவை நேரடியாகவே தர்க்க மொழியில் கையாளும் மாற்றை முன்மொழிந்தது. நம் நோயாளியின் விஷயத்தில், கால்விரல் நீக்கம் பாத நீக்கமாக எண்ணப்பட்டால், சர்க்கரை நோயால் பாதம் இழந்தவர்களின் எண்ணிக்கை ஊதிப்போகும். அவ்வெண்ணிக்கையை வைத்துச் செயற்கைக் கால்களுக்குப் பணம் ஒதுக்கினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போடுவது கடினமல்ல.

இன்னொரு கோடு: "காரணமாக". ஸ்நோமெட்டில் "தொடர்புடையது" என்ற பொது உறவின் கீழே "விளைவாக", "பிறகு", "உண்டாக்கும் காரணி" என்பவை தனித்தனியாக உள்ளன. சர்க்கரை நோயின் விளைவாக நரம்புச் சேதம், அதன் விளைவாக மரத்தல். விரல் நீக்கத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் அது "பிறகு" மட்டுமா, "விளைவாக"வா? மருத்துவர் அறிவார், அல்லது அறிய முயல்வார். அதை எழுதுவாரா? இந்தியாவில் மருத்துவமனை மரணங்களுக்கான படிவம் 4 இதைத் தாளிலேயே கேட்கிறது. (அ) உடனடிக் காரணம், அது (ஆ)வின் விளைவு, அது (இ)யின் விளைவு என்று ஏணி போல் படிகள். மரணத்துக்குப் பங்களித்த, ஆனால் சங்கிலியில் சேராத நிலைமைகளுக்குத் தனிப் பகுதி. ஆன்டாலஜி என்ற பேச்சே எழாத காலத்திலிருந்து மருத்துவர்கள் உறவுகளை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏணியின் எல்லாப் படிகளிலும் "இதய நிறுத்தம்" என்று எழுதி வைத்த சான்றிதழ்களைக் காணாத புள்ளியியலாளர் கிடையாது. இதயம் நிற்காமல் எவரும் சாவதில்லை. அந்தப் படிவத்தில் அது தகவலே அல்ல.

இப்போது மூலக்கூறுகளுக்கு வருவோம். அதற்குச் சிவாஜிநகரிலிருந்து கிழக்கே, ஒயிட்ஃபீல்டு வரை போகவேண்டும். பெங்களூரின் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் 2002இல் தொடங்கியது. அகிலேஷ் பாண்டே அதன் நிறுவனர், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆய்வகம் இருந்தது. பெங்களூர் நிறுவனத்தில் நடந்த வேலையைச் சொன்னால் பெரும்பாலோருக்கு ஆச்சரியம்தான் வரும். கணினித் துறையின் தலைநகரில், பட்டம் பெற்ற உயிரியலாளர்கள் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். இந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு இணைகிறது, செல்லில் எங்கே இருக்கிறது, எந்த நொதி அதில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது என்று கையால் பதிந்தார்கள். 2003இல் வெளியான ஹ்யூமன் புரோட்டீன் ரெஃபரன்ஸ் டேட்டாபேஸ், 2010இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் 30,000க்கு மேற்பட்ட புரதப் பதிவுகளையும் 41,000க்கு மேற்பட்ட புரத இணைவுகளையும் கொண்டிருந்தது. மனிதப் புரதங்களைப் பற்றி உலகம் எழுதியதில் பெரும்பங்கைப் படித்து ஒழுங்குபடுத்திய வேலை பெங்களூரில் நடந்தது என்பது நம் ஊடகங்களில் அதிகம் பேசப்படவில்லை. மென்பொருள் ஏற்றுமதிக் கணக்கில் இது வராது என்பதால் இருக்கலாம்.

அவர்களின் தொகுப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை அல்ல. ஒவ்வோர் இணைவோடும் அது எப்படித் தெரிந்தது என்பதும் இருந்தது: உயிருள்ள செல்லிலா, சோதனைக் குழாயிலா, ஈஸ்ட் இரட்டைக் கலப்பு முறையிலா. மூன்றாவதில், இரண்டு மனிதப் புரதங்களை ஈஸ்ட் செல்லுக்குள் உருவாக்கி அவை ஒட்டுகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒட்டினால், அவை ஒட்டக்கூடியவை என்று தெரிகிறது. மனிதனின் கல்லீரலிலோ மூளையிலோ ஒட்டுகின்றன என்று தெரிவதில்லை. அவை ஒரே செல்லில் ஒரே நேரத்தில் இருப்பவையா என்பதே வேறு கேள்வி. சான்றைக் கோட்டிலிருந்து பிரித்து எறிந்துவிட்டால் ஒட்டக்கூடியதும் ஒட்டுவதும் ஒன்றாகிவிடும். தெள்ளு விஷயத்தில் பார்த்த அதே பிளவு.

ஓர் உதாரணத்தை மெதுவாகப் பார்க்கலாம், ஏனென்றால் கோடு போடுவது எவ்வளவு போதாது என்பது இதில் தெரியும். புற்றுநோய் ஆய்வில் அடிக்கடி அடிபடும் புரதம் இ.ஜி.எஃப்.ஆர். செல்லின் மேல்பரப்பில் நிற்கும் ஏற்பி. ஜி.ஆர்.பி.2 செல்லின் உள்ளே இருக்கும் சிறு புரதம். தொகுப்பில் "இ.ஜி.எஃப்.ஆர். - ஜி.ஆர்.பி.2 இணைவு" என்று ஒரு கோடு. உண்மையில் நடப்பது: வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஏற்பியைப் பிடிக்கிறது. ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. ஒன்று மற்றதன் வாலில் உள்ள டைரோசின்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. 1068ஆம் இடத்து டைரோசினில் பாஸ்பேட் ஏறிய பிறகுதான் ஜி.ஆர்.பி.2 தன் எஸ்.எச்.2 பகுதியால் அங்கே ஒட்டுகிறது. தன் எஸ்.எச்.3 பகுதிகளால் அது எஸ்.ஓ.எஸ். என்ற புரதத்தை இழுத்து வருகிறது. அது ராஸ் புரதத்தை விழிக்கச் செய்கிறது. செல் பிரியத் தொடங்குகிறது. பாஸ்பேட் இல்லாத இ.ஜி.எஃப்.ஆரோடு இந்த இணைவு நிகழ்வதில்லை. ஏற்பியின் நொதிச் செயலை நிறுத்தும் ஜெஃபிடினிப் போன்ற மருந்துகள் வேலை செய்வதே இந்த நிபந்தனையில் கைவைத்துத்தான். நிபந்தனையை எழுதாமல் இணைவை மட்டும் எழுதினால், மருந்து எங்கே தட்டுகிறது என்பதைக் கணினியால் வருவிக்கவே முடியாது.

எனவே இரு பெயர், ஒரு கோடு என்ற வடிவம் இங்கே உடைகிறது. கோட்டையே ஒரு பொருளாக்கவேண்டும்: "இணைவு நிகழ்வு" என்று ஒன்றை உருவாக்கி, அதில் பங்கேற்பவர் யார், எந்த நிலையில், செல்லின் எந்த இடத்தில், எதற்குப் பிறகு என்று அதிலிருந்து கோடுகளை இழுக்கவேண்டும். 2010இல் இதே நிறுவனம் வெளியிட்ட நெட்பாத் என்ற தொகுப்பு, நோயெதிர்ப்புக்கும் புற்றுநோய்க்கும் தொடர்புள்ள 20 சமிக்ஞைப் பாதைகளை அந்தத் திசையில் கொண்டுசென்றது. நேரடி இணைவு, நொதியின் மாற்றம், இடம்பெயர்தல், மரபணு வெளிப்பாட்டின் ஏற்ற இறக்கம் என்று வினைகளை வகைபிரித்தது. பயோபேக்ஸ் போன்ற பொது வடிவங்களிலும் தந்தது.

கையால் தொகுத்த இத்தரவுகள் மேல் விமர்சனமும் வந்தது. 2009இல் ஆய்வாளர் மார்க் விடாலின் குழுவைச் சேர்ந்தவர்கள், ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து திரட்டிய புரத இணைவுகளில் பெரும்பகுதி ஒரே ஒரு கட்டுரையை நம்பி நிற்பதையும், வெவ்வேறு தொகுப்புகள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போகாததையும் சுட்டிக்காட்டினார்கள். தொகுப்பாளர் தரப்பு உடனே மறுப்பெழுதியது: நீங்கள் பிழை என்று எண்ணியவற்றில் பல, எங்கள் பதிவு விதிகளைத் தவறாகப் படித்ததால் வந்தவை. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. விமர்சகர்கள் விமர்சிக்க முடிந்ததே, ஒவ்வொரு கோட்டோடும் கட்டுரையின் எண் இருந்ததால். இன்று மொழி மாதிரிகள் ஒரு பிற்பகலில் லட்சம் கோடுகளை உருவித் தரும். அவற்றில் எத்தனைக்கு "எப்படித் தெரிந்தது" என்ற முனை இருக்கும் என்பதுதான் எனக்குக் கவலை.

நம் நாட்டு மருந்துகளுக்கு வரும்போது சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமலின் குழு 2018இல் இம்ப்பேட் என்ற தொகுப்பை வெளியிட்டது. 1,742 இந்திய மூலிகைகள், 9,596 தாவர வேதிப்பொருள்கள். இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகள், 17,967 வேதிப்பொருள்கள். முதல் பதிப்பில் "இந்த மூலிகையில் இந்த வேதிப்பொருள்" என்று இருந்தது, இரண்டாவதில் "இந்த மூலிகையின் இந்தப் பாகத்தில்" என்று ஆனது. வேரில் இருப்பது இலையில் இருக்கவேண்டியதில்லை என்பதால் இது பெரிய திருத்தம். மூலிகையையும் அதன் மருத்துவப் பயனையும் இணைக்கும் கோடுகளும் உண்டு. அந்தக் கோட்டில்தான் நிதானம் வேண்டும். 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. நிலவேம்பு, காய்ச்சலுக்கு "வழங்கப்படுகிறது" என்பது வரலாற்று உண்மை. காய்ச்சலைக் "குணப்படுத்துகிறது" என்பது மருத்துவச் சோதனை முடிவு. முதலாவதற்கு நூலோ வைத்தியரோ சான்று, இரண்டாவதற்கு நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு சான்று. போதாததற்கு, குடிநீர் என்பது ஒன்பது சரக்குகள் சேர்ந்தது; நிலவேம்பு அதில் ஒன்று. கலவைக்கும் காய்ச்சலுக்கும் இடையே போடவேண்டிய கோட்டை மூலிகைக்குப் போட்டு, அங்கிருந்து ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருளுக்கு நீட்டினால், எங்குமே எவரும் சோதிக்காத ஒரு கூற்றைக் கணினி தன்னம்பிக்கையோடு சொல்லும். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் மருந்துத் தொகுதியில் அலோபதி மருந்துகளுக்கே "சிகிச்சையளிக்கக்கூடும்" என்றுதான் உறவு எழுதப்பட்டது. அந்தத் தயக்கம் நம் தொகுப்புகளுக்கும் பொருந்தும்.

கோடு போடப்படாத இடத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெங்களூர்த் தொகுப்பில் இரு புரதங்களுக்கிடையே இணைவு இல்லை என்றால் அதன் பொருள் என்ன? அவை இணைவதில்லை என்று கண்டறிந்தார்களா? யாரும் சோதிக்கவில்லையா? சோதித்த கட்டுரையைத் தொகுப்பாளர் படிக்கவில்லையா? ஆன்டாலஜிகளின் தர்க்கம் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது: எழுதப்படாதது பொய்யல்ல, தெரியாதது மட்டுமே. எனவே "இல்லை" என்பதையும் எழுதவேண்டும். ஜீன் ஆன்டாலஜியின் பதிவுகளில் "இல்லை" என்ற அடைமொழி தனியாக இருக்கிறது. இணையாத புரத இணைகளைத் திரட்டிய நெகட்டோம் என்ற தொகுப்பும் 2010இல் வந்தது. பத்திரிகைகள் எதிர்மறை முடிவுகளை விரும்பி அச்சிடுவதில்லை, ஆதலால் அது ஒல்லியாகவே இருக்கிறது.

மருத்துவமனைக் கேஸ் ஷீட்டில் இதே பிரச்சினை இன்னும் கூர்மையானது. மருந்து ஒவ்வாமை என்ற கட்டம் வெற்றிடமாக இருக்கிறது. ஸ்நோமெட்டில் "தெரிந்த ஒவ்வாமை ஏதுமில்லை" என்பதற்குத் தனிக் குறியீடு உண்டு. அதை வெற்றிடத்துக்குப் பதிலாகப் போடமுடியாது, ஏனென்றால் அது கேட்டறிந்த ஒன்றைச் சொல்கிறது. 2021இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுதும் அறிவிக்கப்பட்ட பிறகு, பழைய தாள்கள் கணினிக்குள் போகத் தொடங்கியிருக்கின்றன. கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் யாரோ ஓர் இளம் மருத்துவர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டது, பென்சிலின் ஒத்துக்கொள்ளும் என்று நோயாளி சொன்னதாலா, கேட்க நேரமில்லாததாலா? தாளைத் தட்டச்சு செய்பவருக்குத் தெரியாது. திரையோ ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்கு விடாது.